ஓலை ஒருவருக்கு, பயணம் நால்வருக்கு!

"வேலை கிடைத்துவிட்டது! அமெரிக்காவில்!"

இந்தச் செய்தி ஒன்று போதும், தெரு முழுவதும் முகம் மலர. இனிப்பு வழங்கப்படுகிறது. மாமன் வருகிறார், சிற்றப்பா வருகிறார், நேற்றுவரை எட்டிப் பாராதவர்களும் இன்று வந்து கைகுலுக்குகின்றனர். ஊதியம் எவ்வளவு என்று கேட்கிறார் ஒருவர். டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து வாய் பிளக்கிறார் மற்றொருவர். புறப்பாடு எப்போது என்கிறார் மூன்றாமவர். எல்லாக் கேள்விகளும் கேட்கப்படுகின்றன, ஒன்றைத் தவிர. காப்பித் தட்டோடு அடுக்களை வாயிலில் நிற்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்து, "அம்மா, உனக்குப் போக விருப்பமா?" என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஓலை வந்தது ஒருவன் பெயருக்கு. புறப்பட இருப்பவர்கள் நால்வர்: அவன், அவன் துணைவி, இரு குழந்தைகள். பின்தங்க இருப்பவர்கள் இருவர்: பெற்ற தாயும் தந்தையும். ஒருவனுக்கு வந்த ஓலை அறுவர் வாழ்வைத் திருத்தி எழுதுகிறது. திருத்தி எழுதும் உரிமையை அந்த ஒருவனுக்கு அளித்தவர் யார்? இதுவே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

போவது தவறு என்று கூற நாம் வரவில்லை. கடல் கடப்பது குற்றம் என்று கூறியவர்களின் கூற்றைக் கடலிலேயே வீசிவிட்டுக் கப்பலேறிய இனம் நம் இனம். கல்வி உயரவும் கை நிறையவும் கண் விரியவும் அயல்நாட்டுப் பணி துணைசெய்யும் என்பதை மறுப்பவர் இலர். எனவே, போவதா, இருப்பதா என்பதன்று நம் வழக்கு. அதை யார் முடிவு செய்வது, எப்படி முடிவு செய்வது என்பதே வழக்கு.

பழைய காலத்தில் இந்த வழக்கே எழவில்லை. பொருள் தேடித் தலைவன் பிரிவான். தலைவி இல்லிருந்து ஏங்குவாள். சங்கப் பாலைப் பாட்டுகள் பலவும் அந்த ஏக்கத்தின் பதிவுகளே. கடற்செலவில் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் ஒரு சிறு நூற்பாவில் சொல்லிவிட்டது. அதில் வரும் 'முந்நீர்' என்ற சொல்லுக்குக் கடல் என்று பொருள் கொள்வோரும், மூவகைச் செலவு என்று பொருள் கொள்வோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், செல்பவன் ஆண், நிற்பவள் பெண் என்பதில் ஐயமில்லை.

இன்று நிலை மாறிற்று. விமானத்தில் அவனுக்கு ஒரு இருக்கை என்றால் அவளுக்கும் ஒன்று, குழந்தைகளுக்கும் இரண்டு. பிரிவு ஒழிந்தது, நல்லதே! ஆனால் பிரிவுத் துன்பம் ஒழிந்த இடத்தில் வேறொரு துன்பம் ஓசையின்றி வந்து அமர்ந்திருக்கிறது. அதைக் காண, அந்த ஓலையைச் சற்றே விரித்துப் படிக்க வேண்டும்.

கணிப்பொறித் துறையில் தேர்ந்த நம் இளைஞர்கள் பலரும் அமெரிக்கா செல்வது எச்-1பி என்னும் விசாவில். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஏற்பாடு அது. பொதுவாக ஆண்டொன்றுக்கு 65,000 பேருக்கும், அந்நாட்டில் மேற்பட்டம் பெற்றவர்கள் 20,000 பேருக்கும் அது வழங்கப்படும். முதலில் மூன்றாண்டு, நீட்டித்தால் ஆறாண்டு, நிலையாகத் தங்கும் உரிமைக்கான மனு உரிய படியைத் தாண்டியிருந்தால் அதற்கு மேலும் நீளும். கணவனுக்கு எச்-1பி கிடைத்தால் துணைவிக்கும் குழந்தைகளுக்கும் கிடைப்பது எச்-4 என்னும் சார்பு விசா. 'சார்பு' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள்!

2015-ஆம் ஆண்டு மே 26 வரை, எச்-4 விசாவில் சென்றவர், அந்த விசாவை வைத்துக்கொண்டு, அந்நாட்டில் ஒரு நாள்கூட ஊதியத்திற்கு உழைக்க முடியாது. இங்கே மருத்துவம் பார்த்தவள், வங்கியில் கணக்கு எழுதியவள், வகுப்பில் பாடம் நடத்தியவள், அங்கே இறங்கியதும் ஒரே நொடியில் சார்ந்திருப்பவள் ஆனாள். பட்டம் பெட்டியில், பட்டம் பெற்றவள் அடுக்களையில்! 2015-இல் கதவு சற்றுத் திறந்தது. ஆனால் எல்லோருக்குமன்று, கணவனின் நிலைத்தங்கல் மனு குறித்த படியைக் கடந்திருந்தால் மட்டுமே மனைவிக்கு வேலை அனுமதி. அப்போதும் அவள் உரிமை அவன் தாளில்தான் தொங்குகிறது.

அவன் வேலையேனும் உறுதியானதா? வேலை போனால், பெரும்பாலும் 60 நாட்களுக்குள் வேறொரு நிறுவனத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் வேறு வழி காண வேண்டும். அதுவும் இல்லையேல் நால்வரும் பெட்டி கட்ட வேண்டும். விதியோ விடிவதற்குள் மாறும். 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்கள், அது தமக்கும் பொருந்துமோ என்று அஞ்சி, அவசர அவசரமாக விமான நிலையங்களுக்கு ஓடினர். அமெரிக்கா மட்டுமா? சிங்கப்பூரில் சார்பு அட்டையில் இருந்த துணைவியர், எளிய ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலை பார்த்து வந்தனர்; 2021 மே 1 முதல், அவர்களும் தனியே பணி அனுமதி பெற வேண்டும் என்று விதி மாறியது.

குறை கூறுவதற்காக இவற்றை அடுக்கவில்லை நாம். தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று விதி வகுப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை. நாம் காட்ட விரும்புவது இதுதான்: வரவு ஒருவன் கணக்கில் எழுதப்படுகிறது, செலவு நால்வர் கணக்கில் எழுதப்படுகிறது. அப்படியிருக்க, கையொப்பம் மட்டும் ஒருவனுடையதாக இருப்பது எந்த அறநூலின் கணக்கு?

"ஏன், அவள்தான் மறுக்கவில்லையே!" என்பார் சிலர்.

மறுக்காதது எல்லாம் இசைவு ஆகுமா, தோழர்களே? சிலப்பதிகாரத்தைச் சற்று நினைவுகூருங்கள். பொருளிழந்த கோவலன், சிலம்பை முதலாக்கி மதுரையில் வணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் என்று எண்ணுகிறான். பிழைப்புத் தேடி ஊர் பெயரும் குடும்பம்தான் அதுவும்! முடிவு அவனுடையது. எழச் சொன்னான், எழுந்தாள் கண்ணகி. விடியுமுன் புகாரை விட்டு வெளியேறினர். காடும் மேடும் கடந்து, மதுரைப் புறத்தே ஆயர் குடியில் தங்கிய பிறகு, கோவலன் மனம் நோகிறான். தான் சொன்னதும் இவள் மறுசொல் இன்றிப் புறப்பட்டுவிட்டாளே என்று எண்ணி வருந்துகிறான். பெற்றோர் என்ன துயர் உழக்கின்றனரோ என்று கலங்குகிறான். கண்ணகி என்ன விடை தருகிறாள்? நீர் செய்தது போற்றத்தக்கதன்று; ஆயினும் உம் சொல்லை மாற்றாத உள்ளம் எனது, ஆதலின் உடன் வந்தேன் என்னும் பொருள்படக் கூறுகிறாள்.

எவ்வளவு கூர்மையான விடை! அது ஒப்புதலின் குரலா? இல்லை. மறுக்க இடமில்லாத வாழ்வின் குரல். "வேண்டாம்" என்று சொல்ல வழியில்லாத வீட்டில் "சரி" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. கோவலன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான். ஆனால் கேட்ட இடம் மதுரை. புகாரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது! கண்ணகியை வாய்திறவாப் பாவை என்று கருதுவோர், அதே கண்ணகி பாண்டியன் அவையில் நின்று நீதி கேட்டதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. வீட்டில் அவளைப் பேசவிடும் வழக்கந்தான் இல்லை.

அந்த வழக்கம் இன்று ஒழிந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய உரைகல் உண்டு. அந்த ஓலை அவள் பெயருக்கு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். செவிலிப் படிப்பை முடித்த பெண்ணுக்கு அயல்நாட்டு மருத்துவமனை ஒன்று அழைப்பு விடுக்கிறது. அப்போது வீடு என்ன செய்யும்? கூட்டம் கூடும். "மாப்பிள்ளையின் வேலை என்ன ஆவது?" என்று கேட்கப்படும். "அங்கே அவர் என்ன செய்வார்? மனைவி சம்பாத்தியத்தில் உட்கார்ந்தா சாப்பிடுவார்?" என்று கேட்கப்படும். "வயதான பெற்றோரை யார் பார்ப்பது? பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும்?" என்று கேட்கப்படும். எல்லாம் நியாயமான கேள்விகள்! ஒன்றையும் நாம் தள்ளவில்லை. ஆனால் ஓலை அவன் பெயருக்கு வந்தபோது இந்தக் கேள்விகள் எங்கே ஒளிந்திருந்தன? ஒரே நிறை, ஒரே தராசு, தட்டில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்து முள் மட்டும் வேறு பக்கம் சாய்வானேன்?

சட்டமே அப்படிச் சாய்ந்து நின்ற காலம் உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், மணமானதும் பெண்ணின் வாழ்விடம் கணவனின் வாழ்விடமே என்றும், மணவாழ்வு நீடிக்கும்வரை அவன் வாழ்விடத்தைத் தொடர்ந்தே அவள் வாழ்விடம் அமையும் என்றும் விதி வகுத்தது. இந்துக்கள், முகமதியர் முதலியோரின் வாரிசுரிமைக்கு அந்தப் பகுதி பொருந்தாது. ஆனால் அதன் அடியில் கிடக்கும் நினைப்பு எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்தன்று. உடல் போகும் இடத்திற்கு நிழல் போகும் என்னும் நினைப்பு அது. நிழலைக் கேட்டுக்கொண்டு எவரும் நடப்பதில்லையல்லவா!

அடுத்து, குழந்தைகள். வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நாம் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். அயல்நாடு செல்லும் பிள்ளைக்குப் பள்ளி ஒரு மாற்றுச் சான்றிதழ் தருகிறது. அதில் பெயர் உண்டு. பிறந்த நாள் உண்டு. அங்க அடையாளம் உண்டு. நடத்தை நன்று என்ற சொல்லும் உண்டு. "நீ போக விரும்பினாயா?" என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. பள்ளித் தாளில் இல்லாதது பிழையன்று. பெற்றோர் மனத்திலும் இல்லாததுதான் பிழை. பத்து வயதுப் பிள்ளைக்கு நண்பன் என்பவன் ஓர் உலகம். தாய்மொழியில் நகைச்சுவை சொல்லிச் சிரிக்க வைத்தவன், நாளை வேறொரு நாட்டு வகுப்பில் வாய் திறக்கவே கூசி அமர்ந்திருப்பான். காலம் அதை ஆற்றும், உண்மை. ஆற்றும் என்பதற்காகச் சொல்லாமல் வெட்டலாமா?

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் பன்னிரண்டாம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் செய்திகள் அனைத்திலும் தன் கருத்தைக் கூறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. வீட்டை முடிவு செய்யும் பொறுப்பைக் குழந்தையிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை அது. கேட்கச் சொல்கிறது, அவ்வளவே.

கேட்காமல் எடுத்த முடிவு எவ்வளவு தொலைவு நீளும் என்பதற்கும் அமெரிக்க விதியே சான்று. வேலை வழியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 நிலைத்தங்கல் உரிமைகள். எந்த ஒரு நாட்டவருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. இந்தியரின் வரிசையோ ஆண்டுக்கணக்கில் நீண்டு கிடக்கிறது. அந்த எண்ணிக்கையில் துணைவியும் குழந்தைகளும் தனித்தனித் தலைகளாகவே எண்ணப்படுகின்றனர். வரிசையில் எண்ணும்போது தனித்தலை. உழைக்க உரிமை கேட்டால் சார்புத்தலை! கைக்குழந்தையாகச் சென்றவன் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கற்று, 21 வயதை எட்டும்போது வரிசை முடியாதிருந்தால், பெற்றோரின் நிழலில் தங்கும் உரிமை அவனுக்கு அற்றுப்போகிறது. அவன் போட்ட கையொப்பமா அது?

இதைவிடப் பெரிய பாடமும் நம் வரலாற்றில் உண்டு. தேயிலைத் தோட்ட வேலைக்கென இலங்கை சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே உழைத்தன. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று விட்டனர். கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். இடம் பெயர்ந்தவை எத்தனையோ அடுப்புகள்! மனிதரைத் தலைக்கணக்காக எண்ணி நகர்த்தியதை இன்றும் நாம் கொடுமை என்கிறோம். அரசு செய்தால் கொடுமை. அதையே சிறிய அளவில் ஒரு வீட்டுக்குள் ஒருவன் செய்தால் அது குடும்பப் பொறுப்பா?

இனி, பின்தங்கும் இருவர். மாதந்தோறும் பணம் வரும், வரத்தான் செய்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிட்ட பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரையில் பெற்றுத்தர வழி செய்தது. சட்டத்தால் பணத்தைக் கேட்க முடியும். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலிக்கும்போது கதவைத் திறக்கும் கையைக் கேட்க முடியுமா? பெற்றோர் "போய் வா" என்றுதான் சொல்வர். நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றோர் அப்படித்தான் சொல்வர் என்பதாலேயே, அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எவர் வாயிலிருந்து "வேண்டாம்" வராதோ, அவரிடம் இருமுறை கேட்க வேண்டும்.

"இப்படி ஆளுக்கொரு கேள்வி கேட்டால் எந்தக் குடும்பமும் விமானம் ஏறாது, ஒருவன்தான் தலைமை ஏற்று முடிவு செய்ய வேண்டும், அவனும் குடும்பத்திற்காகத்தானே பாடுபடுகிறான்?" என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. அவன் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவன் நோக்கத்தில் மாசு கற்பிக்கவும் இல்லை. ஆனால் ஒருவருக்காக உழைப்பது வேறு. அவருக்குப் பதிலாக வாழ்ந்துவிடுவது வேறு. முன்னது அன்பு. பின்னது, அன்பின் உடையணிந்த ஆட்சி.

"பசிக்கிறவனுக்கு ஏது தேர்வு?" என்றும் கேட்கலாம். மெய்தான். கடன் கழுத்தை நெரிக்கும்போது வளைகுடாவுக்குத் தனியே செல்லும் தொழிலாளியிடம் நாம் அறம் பேசப் போவதில்லை. அவனுக்குக் குடும்பத்தை உடனழைத்துச் செல்லும் வாய்ப்பே அரிது. சவூதி அரேபியா 2017-இல், அயல்நாட்டவர் உடன் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. 2020-இல் அது 400 ரியாலாக உயர்ந்தது. பிரிட்டன், 2024 மார்ச் 11 முதல், புதிதாக வரும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்றது. வறுமை தேர்வைச் சுருக்கும். ஆனால் தேர்வு சுருங்கிய வீட்டிலும் ஒளிக்காமல் உண்மையைக் கூறும் கடமை சுருங்குவதில்லை. வசதியுள்ள வீட்டிலோ, கேட்காமல் இருப்பதற்குச் சாக்கே இல்லை.

சரி, கேட்டோம், அவள் "வேண்டாம்" என்கிறாள். அப்புறம்? இங்கேதான் கேள்வியின் முள் தைக்கிறது. நயமாகக் கேட்டுவிட்டு நினைத்ததையே செய்வதென்றால், கேட்டதே ஒரு நாடகம். ஆகவே நாம் தயங்காமல் கூறுகிறோம்: தன் தொழிலையும் தன் வருவாயையும் தன் சுற்றத்தையும் விட்டுவரப் போகிறவளின் "வேண்டாம்" வெறும் கருத்தன்று, அது தடை. அவள் மனம் மாறலாம், நிபந்தனையோடு இசையலாம், இரண்டாண்டு பார்ப்போம் என்னலாம், நீங்கள் முன்னே செல்லுங்கள், நான் என் பணியில் இருக்கிறேன் என்னலாம். அவற்றை அவளே சொல்ல வேண்டும். குழந்தையின் "வேண்டாம்" தடையன்று. ஆனால் காரணம் கூறாமல் அதைத் தாண்டிச் செல்ல எவருக்கும் உரிமையில்லை.

"அப்படியானால் வாய்ப்பு நழுவிவிடுமே!" நழுவலாம். சில வீடுகளில் நழுவத்தான் செய்யும். அறம் என்பது இலவசமாகக் கிடைக்கும் பொருளன்று. ஒருவனுடைய உயர்வுக்கு மற்றொருத்தி விலையாக வேண்டுமென்றால், அந்த விலையைச் சொல்ல வேண்டியவள் அவளே. விற்பவனும் வாங்குபவனும் ஒருவனே என்றால் அது வாணிகமும் அன்று. வாழ்க்கைத் துணையும் அன்று.

ஆகவே, ஓலை வந்த வீட்டாருக்கு நாம் கூறுவது இது. இனிப்பு வாங்குங்கள், தடையில்லை. ஆனால் கையொப்பமிடும் முன் ஒரு மாலை, வந்தவர்கள் எல்லாம் சென்ற பிறகு, அறுவரும் வட்டமாக அமருங்கள். விசா விதியைத் துணைவியும் தானே படிக்கட்டும். அங்கே அவள் உழைக்க முடியுமா, முடியாதெனில் எத்தனை ஆண்டுக்கு, அவள் பெயரில் பணம் இருக்குமா என்று பேசுங்கள். பிள்ளை எதை இழக்கப்போகிறான் என்பதை அவன் வாயாலேயே கேளுங்கள். முதியோருக்கு நோய் வந்தால் யார், எத்தனை நாளில் வருவது என்று எழுதி வையுங்கள். எந்த ஆண்டில் மறுபடியும் அமர்ந்து, இருப்பதா திரும்புவதா என்று எண்ணிப்பார்ப்பது என்பதையும் இன்றே குறித்து வையுங்கள். அதன் பிறகும் அனைவரும் "போவோம்" என்றால், போங்கள், வாழ்த்துகிறோம்! அந்தப் பயணத்தில் சுமையாகச் செல்பவர் எவரும் இரார், பயணிகளே இருப்பர்.

பெட்டிகளுக்குத்தான் எங்கே போகிறோம் என்று தெரியாது. நம் வீட்டார் பெட்டிகள் அல்லர்.